கண்ணுக்குள் கசியும் ரத்தம்

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு 26 வயது. சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இல்லை. ஆனாலும் விழித்திரையில் ரத்தக்கசிவு. ‘ஈல்ஸ் நோய்’ என்கிறார் டாக்டர். ரத்தக்குழாய் நோய்க்கு ஸ்டீராய்டு எதற்கு?
– ஒரு வாசகி, செங்கல், நெய்யாற்றின்கரை

பதில்: குழாயின் பலவீனத்தால் அல்ல, உடலின் எதிர்ப்பாற்றலே குழாயைத் தாக்குவதால் வருவது இந்நோய், அதனால்தான் அதை அடக்க ஸ்டீராய்டு. 1880-இல் இங்கிலாந்தின் ஹென்றி ஈல்ஸ் இளைஞர்களிடம் கண்டு விவரித்தது. இன்று மேலைநாடுகளில் அரிது. இந்தியத் துணைக்கண்டத்தில்தான் அதிகம். விழித்திரையின் ஓரத்துச் சிரைகளைச் சுற்றி வெள்ளணுக்கள் திரள்கின்றன. அவை சுரக்கும் சைட்டோகைன் என்னும் சமிக்ஞைப் புரதங்கள் அழற்சியை மூட்டிக் குழாய்ச் சுவரைத் தளர்த்துகின்றன, சிரை அடைபடுகிறது. ஆக்சிஜன் கிடைக்காத திசு வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து புதுக்குழாய்களை வளர்க்கிறது. மெலிந்த அந்தக் குழாய்கள் உடைந்துதான் கண்ணுக்குள் ரத்தம் நிறைகிறது.

இந்நோய்க்குக் காசநோய்க் கிருமிதானே காரணம் என்கிறார்கள், அதைக் கொன்றால் போதாதா என்று கேட்கலாம். சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் பலரின் விழித்திரைமேல் படர்ந்த சவ்வில் அக்கிருமியின் டி.என்.ஏ. இருந்தது. ஆனால் எல்லோரிடமும் இல்லை, டி.என்.ஏ. இருப்பது கிருமி உயிரோடிருப்பதற்குச் சான்றும் ஆகாது. கிருமியின் எச்சமே எதிர்ப்பாற்றலைத் தூண்டியிருக்கலாம் என்பதே பொருத்தமான விளக்கம். ஆகவே காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். கிருமி உயிரோடிருந்தால் ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பது ஆபத்து. அழற்சி தணிந்தாலும் வளர்ந்துவிட்ட புதுக்குழாய்களுக்கு லேசர் தேவைப்படும். பார்வை தெளிந்ததும் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம். பலருக்கு இது மறு கண்ணையும் பிடிக்கிறது. திருவனந்தபுரம் அரசு கண் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது. இரு கண்களையும் தவறாமல் காட்டச் சொல்லுங்கள்.