கணக்கெடுப்பும் ஒரு கல்வியே

1916-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணாக்கரிடம் வினாப்பட்டியல் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் செய்தார். இன்று நம் மாவட்டத்திலுள்ள தூசியும் அவற்றுள் ஒன்று. அவ்விவரங்கள் 1918-இல் நூலாக வந்தமையாலேயே, 1936-37-இல் மறு ஆய்வு செய்தோர் இருபதாண்டு மாற்றத்தை ஒப்பிட முடிந்தது.

பொது நிர்வாகம் பயிலும் பட்டதாரிகளுக்கு இதனைத் தனிப்பாடமாகவே வைத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. கேள்வி கேட்பதற்குமா படிப்பு என்பார் உளர். தெள்ளார் வட்டாரத்து நெசவாளர் வீட்டில், "நெய்பவர் எத்தனை பேர்?" என்று வினவினால் தறியில் அமர்பவரே கணக்கில் வருவர், நூல் சுற்றித் தரும் மனைவியும் தாயும் விடுபடுவர். "நேற்று யார் யார் என்ன வேலை செய்தீர்கள்?" என்றால் அவர்களும் வருவர். ஒரே கூரையின்கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் அது ஒரு குடும்பமா, இரண்டா? முன்னரே வரையறுக்காவிடில், உதவி பெறுவோர் பட்டியலில் ஒரு குடும்பம் காணாமற் போகும்.

எல்லா வீடும் செல்ல இயலாதபோது, தார்ச்சாலையோரத்து வீடுகளோடு திரும்புதல் தகாது. குக்கிராமங்கள் உட்பட யாவற்றுக்கும் எண்ணிட்டு, முதல் எண்ணைக் குலுக்கி எடுத்து, பத்துக்கு ஒன்றாகச் செல்லுதல் முறை. வீடு பூட்டியிருப்பின் அண்டை வீட்டுக்குப் போகாமல் மாலையில் மீண்டும் வருக. பகலில் பூட்டுவோர் பெரும்பாலும் கூலிக்குச் சென்றோரே. ஊராட்சி உறுப்பினர்கள் வழி காட்டினால் போதும். அருகமர்ந்து விடை சொல்லித் தர வேண்டா.