வணிகப் போட்டியும் பொதுநலத் தொலைக்காட்சியும்

தொலைக்காட்சி என்றவுடன் பொழுதுபோக்கே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் நாட்டில் அது ஆசிரியராகவும் வேளாண் அலுவலராகவும் தன் பணியைத் தொடங்கியது. இன்று நூற்றுக்கணக்கான தனியார் அலைவரிசைகளுக்கு நடுவே தூர்தர்ஷன் நிற்கிறது. "அதை யார் பார்க்கிறார்கள்?" என்று விடுதி நண்பர்கள் கேட்பதுண்டு. அக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் நோக்கமும்

1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் சோதனை முறையில் ஒளிபரப்புத் தொடங்கியது. 1967இல் உழவர்களுக்கான 'கிருஷி தர்ஷன்' வந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை நிலையம் பிறந்தது. அதே மாதத்தில்தான் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளின் துணையுடன் 6 மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி, வேளாண்மை, நலவாழ்வு நிகழ்ச்சிகள் ஓராண்டுக் காலம் ஒளிபரப்பப்படலாயின. விளம்பரதாரர் எவரும் தேடிச் செல்லாத ஊர்கள் அவை. வாங்கும் ஆற்றல் இல்லாதவருக்கும் அறிவு பெறும் உரிமை உண்டு என்பதே அம்முயற்சியின் அடிப்படை.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஊராட்சித் தொலைக்காட்சி அறையில் தரையில் அமர்ந்து 'வயலும் வாழ்வும்' பார்த்துத்தான் விதை நேர்த்தி செய்யக் கற்றதாக இன்றும் கூறுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன்பே என் தந்தையாருக்கு ஒரு வகுப்பறை கிடைத்திருந்தது என்றே கருதுகிறேன்.

போட்டியின் வருகை

1976இல் தூர்தர்ஷனில் விளம்பரங்கள் இடம்பெறத் தொடங்கின. 1984இல் வந்த 'ஹம் லோக்' தொடர், விளம்பரதாரரின் ஆதரவைப் பெற்றுக்கொண்டே குடும்பநலக் கருத்துகளையும் பரப்பியது. ஆகவே விளம்பரம் நுழைந்தாலே பொதுநலம் அழியும் என்று கூறிவிட முடியாது. 1991இல் ஸ்டார், 1993இல் சன் என்று செயற்கைக்கோள் அலைவரிசைகள் வந்தபின் நிலைமை மாறியது. தூர்தர்ஷனும் 1993இல் மெட்ரோ என்னும் பொழுதுபோக்கு அலைவரிசையைத் தொடங்கிப் போட்டியில் இறங்கியது. பத்தாண்டுகளுக்குப்பின், 2003இல், அதன் இடத்தில் செய்தி அலைவரிசை வந்தது.

அளவுகோல் எது?

அறிவியல் மாணவன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். வெப்பமானி வெப்பநிலையைக் காட்டும்; எடையைக் காட்டாது. தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தித் திரட்டும் பார்வையாளர் புள்ளி, எத்தனை பேர் பார்த்தனர் என்பதையே கூறும். பார்த்தவர் என்ன பெற்றனர் என்பதை அது கூறாது. சைகை மொழிச் செய்தியை நம்பியிருக்கும் காது கேளாதவர் எண்ணிக்கையில் சிலரே. அதனால் அச்செய்தி பயனற்றதாகுமா? வணிக அலைவரிசைக்கு அப்புள்ளி வருமானக் கணக்கு, அதில் தவறில்லை. பொதுநல அலைவரிசையும் அதையே தன் ஒரே அளவுகோலாகக் கொள்வதுதான் ஆபத்து.

பிரிட்டனின் படிப்பினை

பிரிட்டனில் 1955இல் விளம்பரத் தொலைக்காட்சி தோன்றியபோது, உரிமக் கட்டணத்தில் இயங்கிய பி.பி.சி. பெரும் போட்டியைச் சந்தித்தது. வணிகத் தொலைக்காட்சியின் தரத்தை 1962இல் பில்கிங்டன் குழு கடுமையாகக் குறை கூறியது. அதன் பரிந்துரைப்படி மூன்றாவது அலைவரிசை பி.பி.சி.க்கே தரப்பட்டது. 1964இல் தொடங்கிய அந்த இரண்டாம் பி.பி.சி.யில்தான் 1979இல் டேவிட் அட்டன்பரோவின் 'லைஃப் ஆன் எர்த்' வந்தது. உயிர்களின் பரிணாம வரலாற்றை மக்கள் ஆவலோடு பார்த்தனர். தரமும் சுவையும் பகைவர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று.

நாம் செய்யவேண்டுவன

வானலைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவை அரசின் தனியுடைமையாகவும் ஆகக்கூடாது, பணம் படைத்தோரின் உடைமையாகவும் ஆகக்கூடாது என்பதே அதன் சாரம். 1990இல் இயற்றப்பட்ட பிரசார் பாரதி சட்டம் 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனினும் அவ்வமைப்பு இன்றும் அரசின் நிதியுதவியைப் பெரிதும் நம்பியுள்ளது. நிதி தருபவரின் குரல் செய்தியில் ஓங்குமானால் மக்கள் நம்பிக்கை குறையும். நம்பிக்கை குறைந்தால் பார்வையாளரும் விலகுவர். எனவே ஆண்டுதோறும் கையேந்தாத நிலையான நிதியும், ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் உரிமையும், வட்டார மொழி நிகழ்ச்சிகளுக்குப் போதிய நேரமும் வேண்டும்.

தனியார் அலைவரிசைகளும் நாள்தோறும் 30 நிமிடம் பொதுநல நிகழ்ச்சி வழங்கவேண்டும் என 2022இல் மைய அரசு நெறிமுறை வகுத்தது. வரவேற்கத்தக்கதே, ஆனால் அரைமணி நேரம் ஒரு முழுநேரப் பணிக்கு ஈடாகாது.

"யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்கும் நண்பர்களே, அது இல்லாமற்போனால் யார் இழப்பார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். விடை நம் ஊர்களிலேயே இருக்கிறது.