பையன் முரடனா? ஒரு படம் சொன்னால் போதுமா?

அரக்கோணத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மகன் நான்காம் வகுப்பு. வகுப்பில் படம் வரையச் சொன்னபோது, கோரைப் பல்லோடு ஓர் ஆளை வரைந்துவிட்டான். ‘இவனுக்கு உள்ளுக்குள்ள முரட்டுத்தனம் இருக்கு’ என்று யாரோ சொல்லிவிட, அம்மாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அடுத்த நாளிலிருந்து பையனைச் சந்தேகத்தோடுதானே பார்ப்பீர்கள்!

‘நீ முரடனா?’ என்று நேராகக் கேட்டால் யாரும் ‘ஆமாம்’ என்று சொல்வதில்லை. அதனால்தான் மனநல நிபுணர்கள் சுற்றி வளைத்து அளக்கிறார்கள். அமெரிக்காவின் சால் ரோசன்ஸ்வைக் தயாரித்த சோதனையில் 24 படங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர் மற்றவருக்கு எரிச்சல் வரும்படி ஏதோ சொல்வார். மற்றவரின் பதிலைப் பிள்ளை எழுத வேண்டும். 1950-களின் பிற்பகுதியில் இதை நம் நாட்டுக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றியவர் உதய் பரீக். மாற்றியதோடு விடவில்லை, சரியாக அளக்கிறதா என்றும் ஆராய்ந்தார்.

அது எதற்கு? மளிகைக்கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து முறை நிறுத்தாலும் ஒரே எடை காட்டலாம். படிக்கல்லே குறைவாக இருந்தால்? ஒரே விடையைத் திரும்பத் தருவது நம்பகத்தன்மை. அளக்க வேண்டியதையே அளப்பது ஏற்புடைமை. சோதனைக்கு இரண்டும் வேண்டும்.

1999-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். காரம் பிடிக்காதவர் என்று தெரிந்தும், அவர் சாப்பிட ஒருவர் எவ்வளவு மிளகாய் சாஸ் ஊற்றுகிறார் என்று நிறுத்துப் பார்ப்பது. சாஸின் எடை துல்லியம்தான். ஆனால் ஊற்றியவர் வெளியிலும் சண்டைக்காரரா? அதைத் தனியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே யாராவது தீர்ப்புச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்:

* இன்னொரு நாள், இன்னொருவர் பார்த்தாலும் இதே முடிவு வருமா?
* வீட்டிலும் வகுப்பிலும் கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகிறதா?
* நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்த அளவுகோலா?

அந்தக் கோரைப் பல், திருவிழாவில் பார்த்த முனீஸ்வரர் சிலையாகக்கூட இருக்கலாம். ‘இது யாருப்பா?’ என்று அவனையே கேட்டுவிடுங்களேன்!

ஆனால் அடிப்பது, கடிப்பது, பொருளை உடைப்பது வாரக்கணக்கில் தொடர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே போகும்போது படத்தை மட்டும் கொண்டு போகாதீர்கள். என்றைக்கு, எதற்காக, யாரிடம் கோபப்பட்டான் என்று இரண்டு வாரம் குறித்த நோட்டையும் கொண்டு போங்கள். மருத்துவருக்கு அதுதான் பெரிய உதவி.