சர்வரை மறுபடி இயக்கியபின் விட்டுவிட்டுத் தோன்றும் பிழை

ஹைதராபாத்தில் 1999-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், மீன் மிகுதியாகக் கிடைக்கக்கூடிய கடற்பகுதிகளைக் கணித்துத் தமிழ் உள்ளிட்ட கடலோர மொழிகளில் அறிவித்து வருகிறது. இத்தகைய செய்திகள் இன்று இணையப் பக்கங்களின் வாயிலாகவும் களப்பணியாளரை அடைகின்றன. படகு புறப்படும் நேரத்தில் பக்கம் திறவாவிடில் செய்தியால் பயனில்லை.

முற்றிலும் நின்றுபோன சர்வரைப் பழுது பார்ப்பது ஒப்புநோக்க எளிது. நிறுத்தி மறுபடி இயக்கியபின், அதே பக்கம் ஒரு முறை திறந்தும் மறுமுறை ‘500’ என்னும் பிழை எண்ணைக் காட்டியும் வருவதே பெருந்தொல்லை. பெர்ல் மொழி நிரல்களில் நன்கறியப்பட்ட காரணம் ஒன்று இதனை விளக்கும். கீழ்வரும் உதாரணம் எந்த மையத்தையும் குறிப்பதன்று.

1993-இல் தோன்றிய பழைய முறையில், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் நிரல் புதிதாக இயங்கி முடிந்தது. அது தாமதமானது. 1996-இல் வந்த ‘மாட்பெர்ல்’ முறையில், அப்பாச்சி சர்வரின் பல புராசஸ்கள் நிரலை நினைவில் வைத்துக்கொண்டு தொடர்ந்து பணிபுரிகின்றன. இவற்றை ஓர் அலுவலகத்தின் நான்கு குமாஸ்தாக்கள் எனக் கொள்க. வருபவர் எவரிடம் செல்வார் என்பது நிச்சயமில்லை.

மீன்வளப் பக்கமும் வானிலைப் பக்கமும் ‘அமைப்பு’ என்னும் ஒரே பெயருள்ள இரு வேறு துணைக்கோப்புகளை உபயோகிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெயருடைய கோப்பை ஒரு முறை ஏற்றிய புராசஸ், அப்பெயரை மீண்டும் கேட்டால் ஏற்றுவதில்லை. ஆகவே வானிலைப் பக்கத்தை முதலில் கவனித்த குமாஸ்தாவிடம் மீன்வளப் பக்கம் தோல்வியுறும். மற்றொருவரிடம் நேர்மாறாக நிகழும். சர்வரை மறுபடி இயக்கும்போது நால்வரின் நினைவும் அழிந்து, முதலில் வருவோரின் வரிசை புதிதாக அமைகிறது. நேற்று அரிதாயிருந்த பிழை இன்று அடிக்கடி தோன்றுவதும், இன்னொரு முறை இயக்கினால் ‘சரியானது’ போலத் தெரிவதும் இதனாலேயே. அவ்வாறு தெரிவது குணமன்று.

பிழைப்பதிவேட்டில் புராசஸ் எண்ணையும் சேர்த்து எழுதச் செய்தல் வேண்டும். பிழைகள் குறிப்பிட்ட சில எண்களிலேயே திரண்டிருந்தால் ஐயம் வலுப்படும். எல்லா எண்களிலும், இயக்கிய முதற் சில நிமிடங்களில் மட்டும் காணப்பட்டால், தரவுத்தளம் பின்தங்கித் தொடங்கியதா எனப் பார்க்க வேண்டும். பின்னர், பரிசோதனைக் கணினியில் ஒரே புராசஸை இயக்கி, இரு பக்கங்களையும் முதலில் ஒரு வரிசையிலும், மீண்டும் தொடங்கி மறுவரிசையிலும் அழைத்தல் வேண்டும். பிழை இடம் மாறினால் காரணம் உறுதி. கோப்புகளுக்கும் அவற்றின் பெர்ல் தொகுதிகளுக்கும் வெவ்வேறு பெயரிடுதலே பரிகாரம்.

களப்பணியாளர் ‘பக்கம் வரவில்லை’ என்று மட்டும் எழுதுவதால் பயன் குறைவு. பக்கத்தின் முகவரி, நிமிடம் வரையிலான நேரம், எத்தனை முயற்சிகளில் எத்தனை தவறின என்பவற்றைக் குறித்தனுப்பினால், பதிவேட்டில் அவ்வரியைத் தேடி எடுத்துவிடலாம்.