முதற் கைப்பேசி

பிள்ளைக்குக் கைப்பேசி வாங்கித் தரலாமா, தருவதாயின் எந்த வயதில் தருவது என்னும் கேள்வி எழாத இல்லம் இன்று அரிது. முன்னாளில் மிதிவண்டியைப் பற்றி இத்தகைய கேள்வி எழுந்தது. அதற்கு விடை காண்பது எளிது. கால் தரையில் ஊன்றினால் வண்டியில் ஏறலாம். இருபுறமும் பார்த்துச் சாலையைக் கடக்கத் தெரிந்தால் கடைத்தெரு வரை போய்வரலாம். கைப்பேசிக்கு அத்தகைய அளவுகோல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இரண்டு வயதுக் குழந்தையும் விரலால் திரையைத் தள்ளிப் படத்தை மாற்றிவிடுகிறது. இயக்கத் தெரிவதையே தகுதி எனக் கொண்டு மகிழும் பெற்றோரும் உளர்.

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் நியூயார்க் நகரத் தெருவில் நின்று மார்ட்டின் கூப்பர் என்னும் பொறியாளர் பேசிய கைப்பேசி ஒரு கிலோவுக்கு மேல் எடை உடையது. பேசுவதற்கு மட்டுமே பயன்பட்டது. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அன்றும் அது பேசும் கருவியே. இன்றோ பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது, பொருள் மாறிவிட்டது. அதனுள் தொலைபேசி ஒரு மூலையில் இருக்கிறது. எஞ்சிய இடமெல்லாம் ஒளிப்படக் கருவி, பணப்பை, திரையரங்கு, விளையாட்டுக் கூடம், முன்பின் அறியாதவர் கூடும் சந்தை! ஆதலின் கைப்பேசி தரலாமா என்று கேட்பதினும், இவற்றுள் எதனை இப்பொழுது தரலாம் என்று கேட்பதே பொருந்தும்.

எனக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று உண்டு. தந்தை லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர். தாய் நூற்பாலைத் தொழிலாளி. மகள் எட்டாம் வகுப்பு மாணவி. ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரப் பள்ளிக்குப் பேருந்தில் சென்று வருபவள். ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில் ஆறு மணிப் பேருந்து வரவில்லை. அடுத்த வண்டி பிடித்து அவள் ஊர் வந்து சேர்ந்தபொழுது மணி எட்டரை. நிறுத்தத்தில் குடையும் இன்றி அன்னை நனைந்து நின்றிருந்தாள்.

"எனக்கு ஒரு போன் இருந்திருந்தால் நீ இப்படி நின்றிருக்க வேண்டாமே, அம்மா" என்றாள் மகள்.

அன்னையால் மறுக்க முடியவில்லை. ஆயினும் அவள் ஆழ்ந்து சிந்திப்பவள். மழையில் வேண்டியது குரல் ஒன்றுதான். திரையரங்கும் சந்தையும் அன்று என்று உணர்ந்தாள். "பட்டன் போன் வாங்கித் தருகிறேன்" என்றாள். மகள் முகம் வாடிவிட்டது. "அதை எடுத்துக்கொண்டு போனால் எல்லாரும் சிரிப்பார்கள். எல்லாரிடமும் டச் போன் இருக்கிறது" என்று அழுதாள்.

இந்த அழுகையைப் பெரியவர்கள் எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். அது பிழை என்பேன். தோழியர் கூட்டத்தில் தான் மட்டும் தனித்து நிற்பது பதின்மூன்று வயதில் சிறு துன்பம் அன்று. அயர்லாந்து நாட்டில் கிரேஸ்டோன்ஸ் என்னும் கடற்கரை ஊர் இதற்கு ஒரு வழி கண்டது. 2023ஆம் ஆண்டு அவ்வூரின் எட்டுத் தொடக்கப்பள்ளிகளின் பெற்றோர் கூடி, தொடக்கக் கல்வி முடியும்வரை பிள்ளைகளுக்குத் திறன்பேசி தருவதில்லை எனத் தாமே விரும்பி உடன்பட்டனர். சட்டம் இல்லை, தண்டனையும் இல்லை. 'எல்லாரிடமும் இருக்கிறது' என்னும் சொல் அங்கே வலிமை இழந்தது. சட்டத்தால் செய்யப் புகுந்த நாடும் உண்டு. பதினாறு வயது நிரம்பாதவர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடுத்தது. சட்டம் வயதைத்தான் எண்ண முடியும். பிள்ளையின் இயல்பை அறிந்தவர் வீட்டாரே.

ஆனால் நம் ஊர்களில் வீட்டார் முடிவு செய்யாமலேயே கைப்பேசி பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசி வழியாக வந்தது. பாடம் வந்த வழியே பிறவும் வந்தன. பள்ளிகள் திறந்த பின்னரும் பல பிள்ளைகளின் கையை விட்டுக் கைப்பேசி நீங்கவில்லை.

அக்குடும்பத்தின் அண்டை வீட்டுச் சிறுவனுக்கு நேர்ந்தது அதுவே. விளையாட்டின் வழியே நட்பாகிய ஒருவன் அவனுடைய படங்களைப் பெற்றுக்கொண்டு, பணம் தராவிட்டால் ஊரார்க்குக் காட்டுவேன் என்று மிரட்டினான். சிறுவன் மூன்று வாரம் உண்ணவும் உறங்கவும் இயலாமல் தவித்தான். எவரிடமும் வாய் திறக்கவில்லை. காரணம் யாது? "போனால் ஏதேனும் வம்பு வந்தது என்று தெரிந்தால் அதைப் பிடுங்கி உடைத்துவிடுவேன்" எனத் தந்தை முன்னரே சொல்லியிருந்தார். மிரட்டியவனுக்கு அச்சொல்லே துணையாயிற்று. வாட்டத்தைக் கண்டு வினவிய ஆசிரியை ஒருவரிடம்தான் அவன் உண்மையைச் சொன்னான். அவர் சிறார் உதவி எண்ணாகிய 1098ஐ அழைத்தார். தந்தையையும் அழைத்து நெடுநேரம் பேசினார்.

கொடுத்த பொருளைத் தொலைக்காமல் காப்பதும், போதும் என்றவுடன் கீழே வைப்பதும் ஆயத்தத்தின் அடையாளங்களே. ஆனால் தவறிவிட்டேன் என்று தானே வந்து சொல்லும் துணிவு பிள்ளைக்கு உண்டா என்பதை முதலில் பார்க்கவேண்டும். அத்துணிவோ பிள்ளையிடம் மட்டும் இருப்பதன்று. கேட்பவர் முகத்தைப் பார்த்தே அது பிறக்கிறது.

அடுத்த வீட்டுச் செய்தி அறிந்த இரவு அந்த லாரி ஓட்டுநர் தம் மகளை அருகில் அமர்த்திக்கொண்டார். "என்ன நடந்தாலும் என்னிடம் சொல். போனைப் பிடுங்கமாட்டேன், முதலில் கேட்பேன், பிறகுதான் பேசுவேன்" என்றார். மகள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின்னர், போன மாதம் தோழியின் கைப்பேசியில் தான் பார்த்த ஒன்றைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் சினக்கவில்லை. அன்னை கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொத்தான் கைப்பேசி வந்தது. சில நாள் தோழியர் சிரிக்கவும் செய்தனர். இரவு ஒன்பது மணிக்கு மூவர் கைப்பேசியும் சமையலறைப் பரணில் ஏறிவிடும்; தந்தை ஊரில் இல்லாத நாளில் இரண்டு. தொடுதிரைக் கைப்பேசி பற்றி முழு ஆண்டு விடுமுறையில் மீண்டும் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்விடுமுறையின் முதல் நாளை அவள் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.