சான் மார்க்கோ பக்கம் அறை எடுக்காதீர்கள்

குளிர்காலத்தில் வெனிஸ் போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாராளமாகப் போங்கள். ஆனால் சான் மார்க்கோ சதுக்கத்தை ஒட்டி அறை எடுக்காதீர்கள். கடல் ஏறும் நேரம் தெரியாமல் அங்கிருந்து காலை ரயிலுக்குக் கிளம்பும்படி திட்டமும் போடாதீர்கள். இந்த இரண்டையும் எங்களுக்குச் சேர்த்தே ஏற்பாடு செய்து கொடுத்தது, நாங்கள் சென்னையில் முழுப் பணம் கட்டிய பயண நிறுவனம்.

விசா, காப்பீடு, பயண அட்டை எல்லாம் எல்லோரும் செய்வதுதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. கம்பளி உள்ளாடை இரண்டு செட் வாங்கிக்கொள்ளுங்கள். வெனிஸ் குளிர் ஈரக் குளிர். வெப்பமானி ஐந்து டிகிரி காட்டினாலும் எலும்புக்குள் இறங்கும். கனமான ஒரே கோட்டைவிட மெல்லிய உடைகளை அடுக்கிப் போடுவது நல்லது, ஏனென்றால் படகுக்குள் வியர்க்கும்.

நாங்கள் டிசம்பரைத் தேர்ந்தெடுத்தபோது வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. “அண்ணி, குளிர்ல போய் யாராவது வெனிஸ் பார்ப்பாங்களா? மே மாசம் போங்க, நாங்க அப்பதான் போனோம்” என்றார் கொழுந்தனார். அவர்கள் அனுப்பிய படங்களில் பாதி, டோஜ் அரண்மனை வாசலில் வெயிலில் வரிசையில் நின்றவை. நாங்கள் அதே வாசலில் நேராக உள்ளே நடந்தோம். ஒருநாள் பயணிகளிடம் 2024 முதல் வாங்கும் நுழைவுக் கட்டணம்கூட வசந்தம், கோடை மாதங்களின் குறிப்பிட்ட நாட்களுக்குத்தான். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, முழங்கால் இன்னும் ஒத்துழைக்கிறபோதே கிளம்புகிற நம்மைப் போன்றவர்களுக்குக் கூட்டமில்லாத ஊர்தான் வேண்டும். குளிரைத் துணி பார்த்துக்கொள்ளும்.

இனி தண்ணீர் விஷயம். முன்பதிவு செய்யும்போதே கேட்டேன், “குளிர்காலத்துல அங்க தண்ணி ஏறுமாமே?” என்று. அந்த நிறுவனத்துத் தம்பி வாட்ஸ்அப்பில் பதில் போட்டார்: “அதெல்லாம் பழைய கதை மேடம். கடல்ல கேட் போட்டுட்டாங்க. இனிமே தண்ணியே வராது. சான் மார்க்கோ பக்கத்துலயே நல்ல ஆஃபர்ல ரூம் இருக்கு.” அந்த ஆஃபர் ஏன் வந்தது என்பதைப் போய்ச் சேர்ந்த பிறகுதான் புரிந்துகொண்டோம். அறை தரைத்தளம்.

மதகுகள் இருப்பது உண்மைதான். வெனிஸ் காயல் கடலோடு சேரும் லீடோ, மலமோக்கோ, கியோஜா என்ற மூன்று வாய்களிலும் சேர்த்து 78 இரும்பு மதகுகள். அடியில் தண்ணீர் நிறைந்து படுத்திருக்கும். காற்றைச் செலுத்தினால் தண்ணீர் வெளியேறி மேலே எழுந்து நிற்கும். மொஸே என்று பெயர். 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக உண்மையான ஏற்றத்தைத் தடுத்தன. 1966 நவம்பரில் 194 செ.மீ., 2019 நவம்பரில் 187 செ.மீ. என்று ஊரையே முழுக்காட்டிய வெள்ளங்களுக்குப் பிறகு இது பெரிய காரியம், மறுக்கவில்லை.

ஆனால் அந்த மதகை நினைத்தபோதெல்லாம் தூக்க மாட்டார்கள். தூக்கினால் துறைமுகத்துக்குப் போகிற கப்பல்கள் வெளியே நிற்க வேண்டும், செலவும் அதிகம். அதனால் கடல் மட்டம் ஏறத்தாழ 110 செ.மீ.யைத் தொடும் என்று கணிப்பு வந்தால்தான் தூக்குகிறார்கள். சான் மார்க்கோ சதுக்கமோ ஊரிலேயே தாழ்வான இடங்களில் ஒன்று. 80 செ.மீ. தாண்டியதுமே அங்கே ஈரம் தெரியத் தொடங்கும். எண்பதுக்கும் நூற்றுப்பத்துக்கும் நடுவே எந்த மதகும் எழாது, எச்சரிக்கைச் சங்கும் ஊதாது. மதகு ஒன்றே போதுமென்றால் சான் மார்க்கோ பேராலயத்தைச் சுற்றி 2022இல் கண்ணாடித் தடுப்பு எதற்குக் கட்டினார்கள்? கணிப்பும் தப்பும். 2020 டிசம்பர் 8 அன்று மதகுகள் எழுப்பப்படாமல் தண்ணீர் 138 செ.மீ. வரை வந்தது. இதையெல்லாம் விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நாங்கள் ரோமுக்குக் கிளம்ப வேண்டிய காலை, மழை இல்லை. விடுதி அம்மாள் வாசல் நிலையின் இருபுறத் தடங்களில் முழங்கால் உயர அலுமினியத் தகட்டை இறக்கி, அதன் ரப்பர் விளிம்பைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். பழகிய கை. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கால்வாயிலிருந்து வழிந்து வரவில்லை. சதுக்கத்தின் கல்தளத்தில் மழைநீர் இறங்க விட்டிருக்கும் துளைகள் வழியாக அடியிலிருந்து ஊறி வந்தது. முதலில் துளையைச் சுற்றி ஒரு தாம்பாளம் அளவு. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைப் பூட்டித் திரும்புவதற்குள் துளைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து குளமாகிவிட்டன.

மேசை போன்ற நடைபலகைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நகர முடியும். பெரிய பெட்டியோடு ஏறினால் எதிரே வருகிறவருக்கு வழி இல்லை. பலகை முடிந்த இடத்தில் சந்து முழுக்கக் கெண்டைக்கால் அளவு உப்புத் தண்ணீர். என் கணவர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார், இன்னொன்றை நான் இடுப்போடு அணைத்துக்கொண்டேன். ஏற்றத்தின்போது சில படகு வழித்தடங்கள் மாறிவிடும், காரணம் பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே படகு நுழைய இடம் இருக்காது. நாங்கள் நம்பியிருந்த படகும் வரவில்லை. சாந்தா லூச்சியா நிலையத்தை அடைந்தபோது ரயில் போய்விட்டது. மாற்றவோ திருப்பவோ முடியாத மலிவுக் கட்டணச் சீட்டு அது. கவுண்டரில் இரு மடங்குக்கு மேல் கொடுத்துப் புதுச் சீட்டு வாங்கினோம். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு அன்று மாலை நேரம் குறித்து வாங்கியிருந்த அனுமதியும் வீண்.

திரும்பி வந்து கேட்டதற்கு “இயற்கைச் சீற்றத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல” என்று எழுதினார்கள். சீற்றமா? மூன்று நாள் முன்னாலேயே எத்தனை மணிக்கு எத்தனை செ.மீ. என்று வெனிஸ் நகராட்சியின் கணிப்பு மையம் கோடு போட்டு வெளியிடுகிற ஒன்று அது. நம் வீட்டு நாட்காட்டியே பாதி சொல்லிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் கூடுதலாக ஏறும். அதோடு தெற்கிலிருந்து ஷிரோக்கோ காற்று அடித்தால் ஏட்ரியாட்டிக் கடலின் தண்ணீரையெல்லாம் இந்த மூலைக்குத் தள்ளும். எங்கள் பயண நாள் அமாவாசைக்கு மறுநாள். ஏற்றமும் நாள் முழுக்க நிற்காது, உச்சம் இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும். மதிய ரயில் போட்டிருந்தால் உலர்ந்த கல்லில் பெட்டியை உருட்டிக்கொண்டு போயிருப்போம்.

ஆகவே நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் கானாரேஜியோ பகுதியில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், மாடி அறையாகப் பாருங்கள். பெட்டி சிறியதாக இருக்கட்டும், இருவருக்கும் சேர்த்து ஒன்று போதும். ஊரில் பாலங்கள் மட்டும் நானூறுக்கு மேல், பெரும்பாலும் படிக்கட்டு வைத்தவை. படகில் ஒருமுறை ஏற 9.50 யூரோ, அதனால் நாள் கணக்கு அனுமதிச் சீட்டு வாங்குங்கள். கோண்டோலாவுக்கு அரை மணி நேரத்துக்கு 90 யூரோ என்று கட்டணம் நிர்ணயித்திருக்கிறார்கள். நாங்கள் ஏறவில்லை, அதில் வருத்தமும் இல்லை. சாந்தா சோஃபியா துறையில் சில யூரோ கொடுத்து, அதே மாதிரிப் படகில் நின்றபடி ரியால்ட்டோ சந்தைக்கு அக்கரை போனோம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். குளிர்காலத்தில் திரெவீசோ ஊரின் செந்நிறக் கசப்புக் கீரை, ரதீக்கியோ, சந்தையில் குவிந்திருக்கும். அதைப் போட்டு ரிசோட்டோ என்ற அரிசிச் சோறு செய்வார்கள். வேகவைக்கும் சாறு காய்கறிச் சாறுதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு சொன்னாலும் இந்த ஊரைத் தண்ணீர் இல்லாமல் பார்க்க முடியாது. சான் ஸக்கரியா தேவாலயத்தின் நிலவறைக்குக் கட்டாயம் போங்கள். வெனிஸை ஆண்ட பழங்காலத்து டோஜ்களைப் புதைத்த இடம். அதன் தரையில் தண்ணீர் தேங்கியே இருக்கிறது. குட்டையான தூண்கள் அதில் தலைகீழாகத் தெரிய, நடுவில் போட்ட மேட்டில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். மேலே பெல்லினி 1505இல் வரைந்த மாதா படம். கோடையில் அதன் முன் இப்படித் தனியாக நிற்க விட்டிருப்பார்களா? சான் ரோக்கோ மண்டபத்தில் டின்டொரெட்டோவின் கூரை ஓவியங்களைக் கழுத்து நோகாமல் பார்க்கக் கைக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் தூத்துக்குடிக்காரர். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவின் வீடு இருந்த முற்றத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றார்.

இன்னொரு தடவை போவோம். ஜனவரி 6ஆம் தேதித் திருநாள் முடிந்து, கார்னிவல் தொடங்குவதற்கு முன் உள்ள வாரங்கள்தான் விடுதி மலிவு. சீட்டை நாங்களே எடுப்போம்.

முகவர் மூலம் போகிறவர்கள் விடுதி எந்தப் பகுதி, எந்த மாடி, புறப்படும் நேரம் எதை வைத்துக் குறித்தது என்பதை எழுத்தில் வாங்குங்கள். சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். “இனிமே தண்ணியே வராது” என்ற அந்த வாட்ஸ்அப் செய்தியை அச்செடுத்து, ரோம் ரயில் சீட்டுகளோடு என் மனுவில் இணைத்திருக்கிறேன்.