வயல்வாடிக்குப் பற்றரி மின்சாரம்

மின்கம்பி எட்டாத வயல்வாடியில் யானைக் காவலுக்கு இரவு தங்கும் கதிரவெளிக் கமக்காரர், 12 வோல்ற்றுப் பற்றரியோடு இன்வேர்ட்டரை இணைத்து, 230 வோல்ற்று மின்சாரத்தைப் பெறலாம். ஆயினும் இன்வேர்ட்டர் மின்சாரத்தை மாற்றுமேயன்றி உண்டாக்காது. ஆகவே முதலிற் கணக்குப் பார்த்தல் வேண்டும்.

கணக்கு

100 அம்பியர்-மணிப் பற்றரியில் 1,200 வாற்று-மணி உண்டு. ஈய-அமிலப் பற்றரியிற் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். மீதிப் பாதியான 600இல், இன்வேர்ட்டரில் வீணாவது போக ஏறக்குறைய 500 கிடைக்கும்.

10 வாற்று விளக்கு இரண்டு 10 மணி நேரம் எரிய 200, 50 வாற்றுக் காற்றாடி 5 மணி நேரம் சுழல 250, கைத்தொலைபேசிகளுக்கு 30, ஆக 480. மரக்கறித் தோட்டத்துக்கு நீரிறைக்கும் அரைக் குதிரைவலு மோட்டரோ, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இவ்வளவையும் தீர்த்துவிடும். அதனை இதில் இணைத்தல் ஆகாது.

கவனிக்க வேண்டியவை

1. 500 வாற்றுக்குப் பற்றரிப் பக்கத்தில் 40 அம்பியருக்கு மேல் ஓடும். அவ்வயர் தடித்ததாகவும் குறுகியதாகவும் இருத்தல் வேண்டும். பற்றரியின் நேர்முனையருகே உருகி அமைத்தல் அவசியம்.

2. மின்னேற்றும்போது வெளிவரும் ஐதரசன் வாயு தீப்பொறியால் வெடிக்கும். பற்றரியைக் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க.

3. இம்மின்சாரத்தை வேலிக்கம்பியிற் பாய்ச்சலாகாது. முறையான யானைவேலி விட்டுவிட்டுக் கணநேரம் மட்டுமே அதிர்ச்சி தரும். இதுவோ இடையறாது ஓடி, யானையையும் இருளில் வரம்பில் நடப்பவரையும் கொல்லும்.

மீள மின்னேற்றல்

நல்ல வெயிலில் 200 வாற்றுச் சூரிய மின்தகடு ஒரு பகலில் இச்செலவை ஈடுசெய்யும். மாரி மழைநாளில் அது கிடையாது. அந்நாட்களிற் காற்றாடியை நிறுத்தி, காவல் விளக்கை மட்டும் எரித்தல் நன்று.